பங்காளிகள் போட்ட நட்சத்திரங்கள்

தக்காளிக்காரர் கூடையின் மேல் அடுக்கைத் துடைத்துப் பளபளவென்று வைத்து முடிப்பதற்குள் தேவிப்ரியாவின் கை அடி அடுக்கில் இருக்கும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில் தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருக்கிறாள். அந்தத் தெருவில் யார் வீட்டுக்கு வரன் வந்தாலும் விசாரித்துவர இவளைத்தான் அனுப்புவார்கள். "அவ போனா பையனோட பல்லுல சொத்தை இருக்குறது கூட தெரிஞ்சு போயிரும்" என்பார்கள். கொஞ்சம் பயத்தோடுதான் சொல்வார்கள்.

அவள் கணவன் ஜெயபிரகாஷ் பட்டறையில் வெல்டராக இருந்தவர். இரும்புச் சேனல் முழங்காலில் விழுந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடந்தார், ஆனால் கால் மடங்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார முடியாது. வீட்டில் வெஸ்டர்ன் கக்கூஸ் வைத்தார்கள். வெளியில்தான் சிக்கல். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில், மண்டபத்தில் அந்த வசதி இல்லாமல், முகூர்த்தத்துக்கு முன்பே யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். அன்றிலிருந்து ராத்தங்கும் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. "எனக்கு எதுக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படிப்பட்டவர், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் மோனிஷா செல்போனில் கூடாரப் படங்களைக் காட்டியபோது, "நல்லாத்தான் இருக்குது, ஒரு ராத்திரி குளுகுளுன்னு படுக்கலாம்" என்றார். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. அதற்குள் வரிசையாகக் கூடாரங்கள். தேவிப்ரியாவுக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் முதலில் வந்தது. இந்தத் தடவையும் அவமானப்பட்டுத் திரும்பினால், இனி அவர் வாசற்படி தாண்ட மாட்டார்.

"நாலு புள்ளி எட்டும்மா. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள் மோனிஷா.

"யாரு போட்டது அந்த எட்டு?"

"போயிட்டு வந்தவங்கதான்."

"போனாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?"

மோனிஷா போனை அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டாள். தேவிப்ரியா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அருமையான இடம். சூப்பர். குடும்பத்துடன் வர ஏற்ற இடம். ஐந்து நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம். ஒருவர்கூடக் கொசுவைப் பற்றிச் சொல்லவில்லை. தென்னந்தோப்பில் கொசு இல்லையா?

ஒரு பெயரைத் தொட்டாள். அந்த ஆள் வேறு எதற்கெல்லாம் நட்சத்திரம் போட்டிருக்கிறார் என்று வந்தது. ஒரு பைப் கடை, ஒரு குலதெய்வக் கோயில். அடுத்த பெயர்: மாவு மில், அதே கோயில். அதற்கடுத்த பெயர்: அதே கோயில், மாசித் திருவிழாப் படத்தோடு. காட்டுக்குள் இருக்கும் சின்னக் கோயில் அது. அந்தக் குலத்தாரைத் தவிர வேறு யாரும் போக வேலை இல்லை.

"பூராத்தும் பங்காளிக" என்றாள்.

"என்னது?"

"ஒரே கோயில்காரங்க கண்ணு. நமக்குள்ள யாராவது கடை தொறந்தா நாமளும் இப்படித்தான போடுவோம். இதை நம்பி உங்கப்பனைக் கூட்டிட்டுப் போறதா?"

ஜெயபிரகாஷ் சிரித்தார். "ஏம்மிணி, கூடாரத்துல படுக்கறதுக்குமா கோயில் விசாரிப்ப?"

அவள் காதில் வாங்கவில்லை. எல்லா ஐந்துக்கும் நடுவில் ஒரே ஒரு ஒற்றை நட்சத்திரம் கிடைத்திருந்தது. 'கக்கூஸில் தண்ணீர் வராது. யாரும் போக வேண்டாம். சுப்பையன்.' அவளுக்கு அந்த மனிதர்மேல் உடனே மரியாதை வந்தது. குறை சொல்கிறவனுக்குப் பொய் சொல்லி என்ன லாபம்? ராசிபுரம் பக்கம் அவர் பெயரிலேயே ஒரு ஹாலோபிளாக் கடை இருந்தது, நம்பரும் இருந்தது. கூப்பிட்டாள்.

"ஏனுங்க, கூடாரத்துல தண்ணி வராதுன்னு போட்டிருந்தீங்களே, எப்பப் போயிருந்தீங்க?"

"நான் எதுக்குங்க அங்க போறேன்?" என்றார் சுப்பையன். "தோப்புல கூடாரம் போட்டிருக்கற அந்தத் தனபாலு எனக்குப் பங்காளிதானுங்க. அவன் புள்ளை பெரியவளான சீருக்கு ஊரையே கூப்புட்டான். என்னைய மட்டும் உட்டுப்போட்டான்."

"அப்ப கக்கூஸு?"

"இருக்குமாட்டங்க. நான் பாக்கலை."

"தண்ணி வராதுன்னு எழுதியிருக்கீங்களேங்க."

"அவனுக்கெல்லாம் எங்கீங்க தண்ணி வரப்போவுது!"

தேவிப்ரியா போனை வைத்தாள். மோனிஷா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். தேவிப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குறை சொன்னவன் என்பதற்காகவே ஒருவனை நம்பியிருக்கிறாள். வரன் விசாரிக்கும்போது இப்படி ஏமாந்ததே இல்லை.

நேராகத் தனபாலையே கூப்பிட்டாள்.

"வெஸ்டர்னு கக்கூஸு இருக்குதுங்களா?"

"எல்லா வசதியும் இருக்குதுங்கக்கா."

"அது தெரியுதுங்க. கக்கூஸு?"

"ஏனுங்க, நீங்க எந்தக் கோயிலு?"

"கோயிலு எதுக்குங்க? கக்கூஸைச் சொல்லுங்க."

"சுப்பையன் பேசச் சொன்னானா? அவன் இப்படித்தான் ஆளை உட்டு நோட்டம் பாப்பான்."

இல்லையென்று சத்தியம் செய்யாத குறை. கடைசியில் ஒரு படம் அனுப்பிவைத்தார். வெள்ளை வெளேரென்ற கோப்பை. மூடியில் கம்பெனி ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. பின்னால் சுவர் தெரியவில்லை.

"கடையில வெச்சு எடுத்ததாட்ட இருக்குது" என்றாள்.

"உடு அம்மிணி. நான் வரலை. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார் ஜெயபிரகாஷ். பழைய பேச்சு திரும்பிவிட்டது.

அதைக் கேட்டதும் மோனிஷா சிரிப்பை நிறுத்தினாள். போனை வாங்கிக் கீழே, இன்னும் கீழே தள்ளிக்கொண்டே போனாள். "அம்மா, இதைக் கேளு. சேலம் அம்மாபேட்டையிலிருந்து பிரீத்தின்னு ஒருத்தங்க. மூணு ஸ்டார். 'இடம் பரவாயில்லை. கொசு அதிகம். இந்தியன் டாய்லெட் ஒன்றுகூட இல்லை, எல்லாம் வெஸ்டர்ன். எங்கள் மாமியாருக்கு அதில் உட்கார்ந்து பழக்கமில்லை. இருந்த வரைக்கும் சொம்பை எடுத்துக்கொண்டு தோப்புக்குள்தான் போனார். உரிமையாளர் இதைக் கவனிக்க வேண்டும்.'"

தேவிப்ரியா போனை வாங்கி இன்னொரு முறை தானே படித்தாள். அந்தப் பெண் வேறு எதற்கெல்லாம் நட்சத்திரம் போட்டிருக்கிறாள் என்று பார்த்தாள். ஒரு சாயப்பொடிக் கடை, ஒரு பல் ஆஸ்பத்திரி, ஒரு ஜவுளிக்கடை. காட்டுக்கோயில் இல்லை.

"மாமியாரைப் பத்தி இப்படிப் பொய் எழுத முடியாது" என்றாள். "போலாம்."

ஆனாலும் வாடகைக் காரின் டிக்கியில், போர்வைக்கு அடியில், நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை ஜெயபிரகாஷுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டாள்.

தோப்பு படத்தில் இருந்ததைவிடச் சிறியது. கொசு பிரீத்தி சொன்ன அளவுக்கு இருந்தது. தேவிப்ரியா பையை வைத்ததும் நேராகப் போய்க் கக்கூஸ் கதவைத் திறந்தாள். கோப்பை இருந்தது, ஸ்டிக்கரோடு. பிறகுதான் படியைப் பார்த்தாள். தரையிலிருந்து அவள் முழங்கால் உயரத்துக்கு ஒரே படி. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஐந்து போட்டவர்களும் எழுதவில்லை, ஒன்று போட்டவரும் எழுதவில்லை, அம்மாபேட்டைக்காரியும் எழுதவில்லை. கால் மடங்குகிறவர்கள் கண்ணில் அது எப்படிப் படும்?

மறுநாள் காலையில் ஜெயபிரகாஷ் தடியை ஊன்றிக்கொண்டு அங்கே போய் நின்றபோது அவள் பின்னாலேயே போனாள். டிக்கியில் இருப்பதைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. தண்ணீர் மோட்டார் போட வந்த தனபால் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையைக் குடுங்க" என்றாள்.

"நீ தள்ளு."

தடியை அவளிடம் கொடுத்தார். பக்கவாட்டில் திரும்பி, கதவு நிலையை இரண்டு கையாலும் பற்றி, நல்ல காலை மேலே வைத்து, மடங்காத காலை இழுத்து ஏற்றினார். ஒரு தடவை கை வழுக்கியது. தேவிப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும்தான் திறந்தாள்.

வெளியே வரும்போது அவர் வியர்த்திருந்தார். தனபால் பக்கத்தில் வந்து, "நல்லபடியா ஒரு அஞ்சு ஸ்டார் போட்டு உட்டுருங்கக்கா" என்றார்.

"இந்தப் படியையும் சேத்துத்தான் எழுதுவேன்" என்றாள் தேவிப்ரியா.

தனபால் முகம் சுருங்கியது. ஜெயபிரகாஷ் இருவரையும் கவனிக்கவில்லை. கதவு நிலையில் கையை விரித்துச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"சொவத்துல ஒரு பைப்பு கைப்பிடி அடிச்சாப் போதுமுங்க" என்றார். "அடுத்த தடவை வாரப்ப நானே வெல்டு பண்ணிக் கொண்டாந்து மாட்டி உடறேன்."