ஆர்மோனியத்துக்குக் கீழே

பெட்டியில்தான் கோளாறு என்று எங்கள் வீட்டுக்காரர் ஒரேயடியாகச் சாதித்தார். வாசித்துக்கொண்டே இருப்பார், பாதிப் பாட்டில் சத்தம் இளைத்து இளைத்து நின்றுவிடும். துருத்தியை எலி கடித்திருக்கும் என்று ஆசாரியை வரவழைத்துத் தோலை மாற்றினார். மறுபடியும் நின்றது. ஈரக்காற்று என்றார். மதுரையில் பங்குனி மாதத்தில் ஈரம் எங்கிருந்து வந்ததோ! கடைசியில் பழி என் தலையில் விழுந்தது. நான் வீடு கூட்டும்போது தூசி உள்ளே போய்விட்டதாம்.

அது கையால் துருத்தி ஆட்டுகிற சின்ன ஆர்மோனியம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கீழே இருக்கிற இரண்டு பலகைகளையும் காலால் மாற்றி மாற்றி மிதித்துக் காற்று ஏற்றவேண்டும். இரண்டு கையும் மேலே கட்டைகளில் ஓடும். அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் வெகுகாலம் நாடகங்களுக்கு வாசித்தார். பேசும் படம் வந்து நாடகம் குறைந்தபிறகு கல்யாண வீடுகளில் கச்சேரி. எங்கள் ஜீவனம் அதில்தான் நடந்தது. அவருக்கு உயிரும் அதில்தான் இருந்தது. நான் ஆனையூரில் வெள்ளாமை பார்க்கிற வீட்டில் பிறந்தவள். கச்சேரிக்கெல்லாம் போனதில்லை. வீட்டில் அவர் சாதகம் பண்ணும்போது, இது எப்போது முடியும், எப்போது சோறு போடலாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் தரையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல் சத்தம் இளைத்தது. தற்செயலாகப் பெட்டிக்குக் கீழே பார்த்தேன். இடது கால் பலகையில் இருந்தது. வலது கால் பலகையை விட்டு நழுவி, வெறும் தரையை மும்முரமாக மிதித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, தரைய மிதிச்சா பெட்டிக்கு எப்படிக் காத்து வரும்?" என்றேன்.

"என்ன கேலியா? பலகையிலதான மிதிக்கிறேன்."

"குனிஞ்சுதான் பாருங்களேன்."

பார்த்தார். என் சிரிப்பு அடங்கிப்போகும்படி அவர் முகம் மாறிவிட்டது. "காலு அங்க கெடக்குறது எனக்கே தெரியல புள்ள" என்றார்.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என் புத்தியில் ஏறியது. கீழமாசி வீதியில் ஒற்றைச் செருப்போடு நடந்து வீடு வந்து சேர்ந்தது, வாசற்படியில் தடுக்குவது, எழுந்திருக்கும்போது முழங்கால் வெடவெடப்பது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் இவருடைய சிறுநீரை நீல மருந்தில் ஊற்றிக் காய்ச்சினார். அது செங்கல் நிறத்துக்குத் திரும்பியது. பிறகு இவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பாதத்தில் ஊசியால் மெள்ளக் குத்தினார்.

"எப்பங்க குத்தப் போறீங்க?" என்று இவர் கேட்டார். டாக்டர் ஊசியை எடுத்து வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

சர்க்கரை வியாதி என்றார் டாக்டர். காலுக்குப் போகிற நரம்பு மரத்துக்கொண்டு வருகிறது, போன உணர்ச்சி திரும்பும் என்று சொல்வதற்கில்லை, வாயைக் கட்டினால் மேற்கொண்டு போகாமல் பார்க்கலாம் என்றார். என் பக்கம் திரும்பி, "தெனமும் அவர் உள்ளங்காலைப் புரட்டிப் பாருங்கம்மா. முள்ளு குத்துனாக்கூட அவருக்குத் தெரியாது" என்றார்.

வாயைக் கட்டுவதா! இவருக்கு எல்லாப் புகழ்ச்சியும் இனிப்பாகத்தான் வரும். பாட்டு பிடித்துப்போனால் பெட்டி மேலேயே ஜிலேபித் தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

இதற்கு நடுவில் சமயநல்லூரில் ஒரு கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வாங்கியிருந்தார். வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்தமாதிரி. போகாவிட்டால் பேர் கெடும். போய்ப் பாதியில் நின்றாலோ, கால் செத்த வாத்தியார் என்று ஊரெல்லாம் பரவும், அப்புறம் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். அவர் பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் சத்தமாக இருந்தால் கோபம் வரும், சத்தமில்லாமல் இருந்தாலோ பயம் வந்துவிடும்.

"உங்களுக்கு விரலு நல்லாத்தான இருக்கு? காத்துதான வேணும்? நான் தாரேன்" என்றேன்.

பெட்டிக்குப் பின்னால், அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பலகைகளைக் கையால் அமுக்கினேன். முதலில் பெட்டி காட்டுக் கூச்சல் போட்டது. "ஏ புள்ள, மெதுவா! அடுப்பா ஊதுற?" என்றார். ஆனையூரில் மாடு கறந்த கை இது. இடது, வலது, இடது, வலது என்று கறக்கிற பக்குவத்தில் அமுக்கினேன், சத்தம் சீராக வந்தது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

கல்யாணத்தன்று என் தம்பி வண்டி கட்டிக்கொண்டு வந்தான். ஆட்கள் கூடுமுன்பே பந்தலில் பெட்டியை வைத்து, தரை தொடுகிறமாதிரி முன்னாலும் பக்கத்திலும் சரிகை விரிப்பைத் தொங்கவிட்டான். நான் பின்னால் பதுங்கினேன். சொந்தக்காரர் யாராவது பார்த்தால் மானம் போய்விடுமே என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது.

அவர் ஆரம்பித்தார். வீட்டில் நான் சோற்றுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்த அதே வாசிப்புதான். ஆனால் நான் கொடுக்கிற காற்று அவர் விரலுக்குப் போய்ப் பாட்டாகத் திரும்பி வருவதைக் கேட்டபோது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படிப்பட்ட மனுஷனுக்கா வாழ்க்கைப்பட்டோம் என்று பெருமை தாங்கவில்லை. பந்தலில் ஆகா, ஆகா என்கிறார்கள். நான் கீழே இருட்டில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் என் முழங்கையில் ஏதோ பிசுபிசு என்று சொட்டியது. நக்கிப் பார்த்தேன். ஜீரா! அண்ணாந்து பார்த்தால், வலது கை ராகம் வாசிக்கிறது, இடது கை ஜிலேபியை வாய்க்குக் கொண்டுபோகிறது.

எனக்கு வந்ததே கோபம். பலகையை விட்டுவிட்டேன்.

சத்தம் இளைத்து நின்றது. அவர் விரல் மட்டும் ஊமையாக ஓடியது. பந்தலில் ஆகா, ஆகாவும் நின்றது. நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தோமோ அதை நானே இழுத்துவிட்டுவிட்டேன்!

பெண்ணின் தகப்பனார் மேடைக்கு ஓடிவந்தார். "என்னண்ணே, பெட்டியில பழுதா?"

துருத்தி கிழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத்தான் அது பழக்கமான சாக்கு ஆயிற்றே. அவர் என்னைப் பார்த்தார். ஜிலேபியைத் தட்டில் வைத்தார்.

"பெட்டியில ஒண்ணும் இல்லண்ணே. பழுதெல்லாம் எனக்குத்தான். சர்க்கரை வியாதியில காலு மரத்துப்போச்சு. காத்து போடுறது என் வீட்டம்மா. நான் ஜிலேபிய எடுத்தேன், அவ காத்த நிறுத்திட்டா" என்று சொல்லி, விரிப்பை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

முந்தானையெல்லாம் தூசியோடு நான் குந்தியிருந்தேன். பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. முதலில் பெண்கள் பக்கம்தான் சிரிப்பு கிளம்பியது. பிறகு பந்தலே குலுங்கியது. "விடாத ஆத்தா! அந்தத் தட்ட இங்கிட்டு அனுப்பு!" என்று ஒரு பெரியவள் கத்தினாள். தட்டு கைமாறிக் கைமாறிப் போய்விட்டது. "ஆத்தா, காத்து!" என்று ஆண்கள் பக்கமிருந்து குரல் வந்தது. அமுக்கினேன். அன்றைக்கு அவர் வாசித்தமாதிரி அதற்குமுன் வாசித்ததில்லை என்று நான் சொல்லமுடியாது, கச்சேரியில் கேட்டதில்லையே. ஆனால் வாசித்தார்!

புறப்படும்போது இரண்டு தாம்பாளம் வந்தது. அவருக்கு வெற்றிலை பாக்கும் பழமும். எனக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு பொட்டலம் ஜிலேபி. அடுத்த முகூர்த்தத்துக்கு வாங்க, அந்த அம்மாவும் வரணும் என்று அங்கேயே ஒருவர் சொல்லிவிட்டார். வண்டியில் ஏறியதும் பொட்டலத்தைப் பிரித்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அவர் கண்ணெதிரேயே நானும் ஒன்று தின்றேன். எனக்கென்ன சர்க்கரை வியாதியா?

"எப்படி இருக்கு?" என்றார் ஏக்கமாக.

"இனிப்பாத்தான் இருக்கு."

முன்னால் மாட்டை ஓட்டிக்கொண்டிருந்த தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "நீ சிரி மாப்ள, ஒனக்கும் ஒருத்தி வருவா" என்றார் அவர்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெட்டியை ஒட்டிச் சாய்ந்திருந்தவர், "இந்தா, செருப்பு ரெண்டும் காலுல இருக்கான்னு பாரு. வழியில விழுந்துரப் போகுது" என்றார்.

"செருப்பு அப்பவே கழட்டி வச்சாச்சு. காலு ரெண்டும் என் மடியில இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். "எம்புட்டு நேரமா?"

"வண்டி கெளம்புனதுல இருந்து. முள்ளு கிள்ளு குத்திருக்கான்னு பாத்தேன். ஒண்ணும் இல்ல."

மூடிக்கிடந்த பெட்டியின்மேல் அவர் விரல்கள் ஓட ஆரம்பித்தன. நானும் என்னை அறியாமல் அந்தக் கால்களை இடது, வலது, இடது, வலது என்று அமுக்கிக்கொண்டே வந்தேன்.