காலி மனையில் கிடைத்த மோதிரம்

மாமா அந்த மெட்டல் டிடெக்டரைப் பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கி வந்தபோது, தரை துடைக்கிற ஏதோ வெளிநாட்டுச் சாமான் என்றுதான் அம்மா நினைத்தாள். வீட்டுக்கு உபயோகமாக இப்போதாவது ஒன்று வாங்கினாயே என்று தம்பியைப் பாராட்டவும் செய்தாள். நீளமான குழாய், அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டு, கைப்பிடி பக்கத்தில் இரண்டு திருகுகள் வைத்த சின்னப் பெட்டி. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் இது சத்தம் போடும் என்று மாமா விளக்கியதும் அம்மா பாராட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி சேலையூர்ப் பக்கம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். மாமா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தார். அம்மாவின் தங்கையான சித்தி, கிண்டியில் ஓர் அலுவலகத்துக்கு மின்சார ரயிலில் போய்வந்தாள். தாத்தா இறந்தபிறகு அவர்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டவர் அப்பா. சித்தியைக் கல்லூரியில் சேர்த்ததும் அவர்தான். அவள் வேலைக்குப் போன முதல் நாள் அலுவலக வாசல் வரை கூடப் போய் விட்டுவிட்டு வந்ததும் அவர்தான்.

மாமா செல்போனில் பார்க்கும் வீடியோக்களில் வெள்ளைக்காரர்கள் புல்வெளியில் இந்த டிடெக்டரை வீசிக்கொண்டு நடப்பார்கள். சற்று நேரத்தில் ராஜா தலை போட்ட தங்கக்காசு வெளியே வரும். எங்களுக்குப் புல்வெளி என்று இருந்தது, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனை. அங்கே முதல் வாரத்தில் கிடைத்தவை சோடா மூடிகள், துருப்பிடித்த ஆணிகள், யாரோ வீடு கட்டியபோது மிச்சமான கட்டுக்கம்பி, ஒரு செருப்பின் பக்கிள். மாமா மனம் தளரவில்லை. ஆரம்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தானாம்.

மனைக்குச் சொந்தக்காரர் அந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் முழுக்க அவர்கள் வீட்டு நெல்வயல். நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டு வாடகை வாங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் மாடுகளை மட்டும் விடவில்லை. எங்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார்.

“இன்னா சார், இன்னாத்த தேடிக்கினு கீறீங்க?”

சும்மா பொழுதுபோக்கு என்று மாமா சொன்னதை அவர் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் அனுமதி கொடுத்தார். ஒரே நிபந்தனை, தோண்டின குழியை மூடிவிட வேண்டும். மாடு காலை விட்டால் பேஜாராகிவிடும்.

சீக்கிரமே எனக்கு மாமாவைவிட நன்றாக வந்துவிட்டது. அவர் பந்தை சிக்சருக்கு அடிப்பதுபோல வீசுவார். வட்டைத் தரையில் படாமல், தரையை விட்டு உயர்த்தாமல், மெதுவாக இப்படியும் அப்படியும் கொண்டுபோக வேண்டும் என்பதையும், போன வீச்சின் ஓரத்தை அடுத்த வீச்சு தொட்டுக்கொண்டு போனால்தான் இடைவெளி விடாது என்பதையும் நான் பிடித்துக்கொண்டேன். இரும்பென்றால் தொண்டை கட்டினது போல ஒரு சத்தம். காசென்றால் மணி மாதிரி தெளிவாக இருக்கும். பழகுவதற்காக மாமா காசுகளையும் ஊக்குகளையும் புதைத்து வைப்பார், நான் கண்டுபிடிப்பேன்.

அந்தச் சமயம்தான் சித்திக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு கோவிலம்பாக்கம். அப்பா ஒரு வருடம் போல அலைந்து பார்த்த இடம். மாப்பிள்ளை நல்ல மாதிரி, சிரித்த முகம், எனக்குப் பெரிய சாக்லேட் வாங்கி வந்தார். பாஸ்டர் ஜெபம் பண்ண, சித்தியின் விரலில் மோதிரம் போட்டார்கள். கல்யாணத்தன்று வெள்ளை ஃபிராக் போட்டுக்கொண்டு கையில் பூக்கூடையோடு முன்னால் நடக்கப்போவது நான். தையற்காரரிடம் அளவு கொடுத்தாயிற்று. இனிமேல் சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சபைக்கு அறிவிப்பதுதான் ஓலை. அதன்பிறகு கல்யாணம்.

ஒரு சாயங்காலம் அம்மா சித்தியின் விரலைப் பார்த்துவிட்டாள். மோதிரம் இல்லை. கொஞ்சம் பெரிதாக இருந்தது, மாடியில் துணி காயப்போடும்போது நழுவிக் கீழே விழுந்திருக்கும் என்றாள் சித்தி. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது, இது நல்லதற்கா என்று புலம்பத் தொடங்கிவிட்டாள். மாமா ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு மனைக்கு ஓடினேன்.

மாடிக் கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழே ஒன்றும் இல்லை. அங்கிருந்து விலகிப் போகப் போக, மனையின் நடுப்பக்கத்தில் மணிச் சத்தம் கேட்டது. தோண்டவே வேண்டியிருக்கவில்லை. தொட்டாச்சிணுங்கிச் செடிக்கு அடியில், மண்மேல் மினுங்கிக்கொண்டு கிடந்தது. நழுவின மோதிரம் இவ்வளவு தூரம் வருமா என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அன்று வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை பிறகு எந்தப் பரீட்சையிலும் கிடைத்ததில்லை. அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா என்னைப் பக்கத்தில் முழங்காலில் உட்கார வைத்துக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். சித்தியும் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. மோதிரம் இனி நழுவக் கூடாதென்று அம்மா அதன் அடிப்பக்கம் சிவப்பு நூலைச் சுற்றி இறுக்கமாக்கி, தானே போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு சித்திக்கு என் தேடலில் ஆர்வம் வந்தது. ஒருநாள் மனைக்கு வந்து எங்கெங்கே பார்த்து முடித்திருக்கிறாய் என்று கேட்டாள். வேப்பமரத்திலிருந்து சுவர் வரை பெருமையாகக் காட்டினேன்.

“இங்கெல்லாம் முடிஞ்சிடுச்சு சித்தி. இனிமே பாக்க வேண்டியதே இல்ல.”

“நிச்சயமா திரும்பப் பாக்க மாட்டியா?”

மாட்டேன் என்றேன். கெட்டிக்காரி என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே மோதிரம் மறுபடி காணாமல் போயிற்று. இந்த முறை ரயிலில் என்றாள் சித்தி. நல்ல கூட்டமாம், இறங்கிப் பார்த்தால் விரலில் இல்லையாம். அம்மா அழுதாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனார். ஒவ்வொரு பிளாட்ஃபாரமாக நடந்து, பெருக்குகிறவர்கள், பூக்காரர்கள், டிக்கெட் கவுன்ட்டர் என்று எல்லோரிடமும் விசாரித்துவிட்டு முகம் கறுத்துத் திரும்பினார். அவர் செருப்பைக் கழற்றும்போது சித்தி தண்ணீர் கொண்டுவந்து நின்றாள். எதையோ சொல்ல வாயெடுத்தவள் போல இருந்தது. போனால் போகிறது, நீ கவலைப்படாதே, அதே மாதிரி ஒன்று செய்துவிடலாம் என்றார் அப்பா. அவள் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. சனிக்கிழமை காலையில் மாமாவுக்கு விடுமுறை. மண் ஈரமாக இருந்தால் டிடெக்டருக்கு இன்னும் ஆழத்தில் இருப்பதும் கேட்கும், பார்த்த இடத்தையே திரும்பப் பார்க்கலாம் என்று அவர் வீடியோவில் தெரிந்து வைத்திருந்தார். எனக்கு ஒப்பவில்லை, இருந்தாலும் போனேன். வேப்பமரத்தடியில், நான் எப்போதோ முடித்துவிட்ட இடத்தில், மணிச் சத்தம் மங்கலாகக் கேட்டது. மாமா தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் சேறு உருண்டையாக வந்தது. கையால் துடைத்தார். மோதிரம். சிவப்பு நூல் சுற்றினபடியே இருந்தது.

நான் கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடப் பார்த்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இரு. இந்தத் தடவை நான் சொல்லிக்கறேன். நீ யார்கிட்டயும் சொல்லாத.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தத்தைக் கேட்டது நான், பெயர் இவருக்கா? அவர் ஈரத்திலேயே உட்கார்ந்து மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழியை மூடி, மண்ணைக் காலால் அழுத்திச் சமப்படுத்தினார்.

சித்தி மாடியில் இருந்தாள். மாமா மேலே போனதும் நான் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மாமாவின் குரல் அப்படி இல்லை.

“ரயில்ல விழுந்தது இவ்ளோ ஆழத்துக்கு எப்படிம்மா வந்துச்சு?”

சித்தி விசும்பும் சத்தம் கேட்டது. மாமா ஏதோ மெதுவாகச் சொன்னார். இருவரும் கீழே இறங்கி வந்தபோது சித்தியின் கையை அவர் பிடித்திருந்தார். நேராக அப்பாவிடம் போய் மோதிரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, இவளுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை அத்தான் என்றார்.

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா மோதிரத்தையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்க அவ்ளோ அலைஞ்சீங்க அத்தான்” என்றாள் சித்தி.

அப்பா எழுந்து வாசலில் போய் நின்றார். திரும்பி வந்து பாஸ்டருக்குப் போன் செய்து, நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாம் என்றார். சாயங்காலம் மாமாவையும் அழைத்துக்கொண்டு, நூலைப் பிரித்துக் கழுவிய மோதிரத்தோடு கோவிலம்பாக்கம் போனார். அங்கே என்ன பேச்சு வாங்கினார்கள் என்று இருவருமே வீட்டில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல சித்தியை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அப்பா சர்ச்சுக்குப் போனார். ஆராதனை முடிந்து விசாரித்தவர்களிடமெல்லாம், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்றார்.

எனக்கு ஃபிராக் போயிற்று. துணியைத் தையற்காரரிடமிருந்து திரும்ப வாங்கி வந்து பீரோவில் வைத்துவிட்டார்கள். மோதிரம் கிடைத்தபிறகு எதற்காகக் கல்யாணம் நின்றது என்று எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால் எல்லோரும் வேறு பேச்சு பேசினார்கள். நான் கோபத்தோடு தனியாக மனையில் தேடிக்கொண்டிருந்தபோது சித்தி வந்தாள். கொஞ்ச நேரம் கூடவே நடந்தாள். திடீரென்று என்னை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

“மொதல் தடவை நீ எடுத்துட்டு ஓடி வந்தப்போ உன்மேல எவ்ளோ கோவம் வந்துச்சு தெரியுமா? ரெண்டாவது தடவையும் நீயே எடுத்தியே, அதுக்கு உனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலடி.”

அவள் கண் நிறைந்திருந்தது. முகம் என்னவோ சிரித்துக்கொண்டிருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். அதே மோதிரம், அதே மனை, இரண்டு தடவையும் கண்டுபிடித்தது நான்தான். ஒன்றுக்குக் கோபம், ஒன்றுக்கு முத்தம். பெரியவர்களுக்கு நியாயமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மேற்கொண்டு தேடப் போனேன்.