கண்ணை மூடிய ரசிகன்

அண்மையில் எனக்கு ஒரு தீவிர ரசிகன் கிடைத்தான். நான்கு கால், ஒரு சுருட்டு வால், உடம்பெல்லாம் பச்சை.

மகள் ஆரணி வளர்க்கும் பச்சோந்திதான். பெயர் பிக்கிள். விட்பியில் தனியாக வீடு வாங்கிப் போனவளிடம், பேரப்பிள்ளை எப்போது, எப்போது என்று நானும் மனைவியும் நச்சரித்துக்கொண்டே இருந்தோம். ஒருநாள் கூட்டோடு கொண்டுவந்து, இதுதான் உங்கள் பேரன் என்றாள். பிறகு நாங்கள் வாய் திறக்கவில்லை.

இப்போது வேலை விஷயமாகக் கல்கரிக்குப் போனவள், பேரனை அஜின்கோர்ட்டில் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். போகும்போது ஒரு பாட்டம் விளக்கம். இது கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது. இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். ஆகவே காலையும் மாலையும் கூட்டுக்குள் நன்றாக ஸ்பிரே பண்ண வேண்டும். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

ஆனால் வெளியே பனி கொட்டுகிறது. இந்தக் குளிருக்குள் விடியவெள்ளன ஒரு சீவனைப் பிடித்து நனைப்பதா? சளி, தடிமன் பிடிக்காதா? கோடையிலேயே தலை ஈரமாக வெளியே போனால் கத்துகிற ஆட்கள் நாங்கள்… ஸ்பிரேயைப் பேருக்கு ஒரு தரம் என்று குறைத்தேன். வீட்டு ஹீற்றரைக் கூட்டினேன். பேரன் அல்லவா!

இனி என் வருத்தத்தைச் சொல்கிறேன். பத்திரிகைக்கு எழுதி முடித்த பத்தியை யாருக்காவது வாசித்துக் காட்டாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மனைவியோ அந்த நேரம் பார்த்துத்தான் குசினிக்குள் சட்டி கழுவத் தொடங்குவாள். எனவே கூட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் நாள் அவன் ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் சுவரையும் பார்த்தான். அடுத்தடுத்த நாட்களில் என்ன அதிசயம் — நான் வாசிக்க வாசிக்க இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. கச்சேரியில் முன்வரிசைக்காரர் சொக்கிப்போய் மூடுவார்களே, அப்படி. எனக்குப் புல்லரித்தது. வீடியோ எடுத்தேன். ‘என் ரசிகன்’ என்று குடும்ப வற்ஸ்அப் குறூப்பில் போட்டேன்.

“நானும் இவ்வளவு காலமாக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேக்கிறன்,” என்றாள் மனைவி. “என்னை ஒருநாளும் வீடியோ எடுக்கேல்லையே?”

பாராட்டுகள் வந்து குவியும் நேரத்தில் கல்கரியிலிருந்து போன் அடித்தது.

“அப்பா, ஹி இஸ் நொட் லிஸினிங். பகலில அது கண் மூடாது. மூடினா சிக், ஏதோ வருத்தம். ஸ்பிரே பண்ணினனீங்களோ?”

“கொஞ்சம் குறைச்சனான் பிள்ளை. தடிமன் பிடிச்சிடும் எண்டு…”

மறுமுனையில் ஆரணி சின்னக் குரலில் கேட்டாள்: “கடைசியா எப்ப சாப்பிட்டது?”

கூட்டைப் பார்த்தேன். தீனியாக விட்ட கிரிக்கெட் பூச்சிகள் அவன் வாலின் மேலேயே உலாவிக்கொண்டிருந்தன.

“அப்பா… கண் தெரியாமப் போயிடுமோ?”

நாள் முழுக்கப் பேசுகிற வாய். அதை மூடிக்கொண்டு மிருக வைத்தியரின் நம்பரைத் தேடினேன்.

சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி, ஒரு பெட்டிக்குள் பேரனுக்குப் பக்கத்தில் வைத்து, காரில் அந்தப் பெட்டியை மனைவி மடியில் ஏந்திக்கொண்டு வந்தாள். வழி நெடுக நான் பேசவில்லை. வருத்தம் அதற்கா உங்களுக்கா என்று அவளே கேட்டுவிட்டாள்.

ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டர் ஒரு இளம்பெண். போனை ஸ்பீக்கரில் போட்டு மகளையும் சேர்த்துக்கொண்டோம். கண் இரண்டும் உள்ளே குழிந்திருக்கின்றன என்றார். சத்துக் குறைந்தாலும், கூட்டு விளக்கின் வெளிச்சம் பிழையானாலும் இப்படி மூடுமாம். ஆனால் இவனுக்கு உடம்பில் தண்ணீர் இல்லை. ஹீற்றர் மிச்சத்தையும் உறிஞ்சிவிட்டது. கண் திறக்காவிட்டால் இரை தெரியாது. இரை தெரியாவிட்டால் நாக்கு நீளாது. பிறகு பட்டினிதான்.

எப்போதிருந்து மூடியிருக்கிறது என்று கேட்டார்.

“சின்ஸ் ஐ ஸ்ராட்டட் ரீடிங் மை கொலம்,” என்றேன். பத்தி வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து என்பதை வேறு எப்படிச் சொல்வது?

டொக்டர் சிரிக்கவில்லை. கம்பியூட்டரில் தட்டிக்கொண்டார். என் எழுத்தும் ஒரு நோய்க்குறிப்பில் ஏறிவிட்டது.

கண்ணைக் கழுவி, தோலுக்கடியில் நீர் ஏற்றி, சொட்டு மருந்தும் தந்து அனுப்பினார். திறக்குமா? பார்ப்போம் என்றார். அந்தப் ‘பார்ப்போம்’ வீடுவரை கூடவே வந்தது.

மகள் எப்போதோ வாங்கித் தந்த, காற்றை ஈரமாக்கும் ஹியுமிடிபயர் பேஸ்மென்ற்றில் பிரிக்காமலே கிடந்தது. எங்கள் தொண்டை வறண்டபோது திறக்காத பெட்டியைப் பேரனுக்காகத் திறந்தோம். இதற்குள் குடும்பக் குறூப்பில் இருக்கும் குலம் அண்ணை வெக்ஸ்போர்ட்டிலிருந்து போன் எடுத்தார். வீடியோ போட்டதால் வந்த நாவூறு, திருஷ்டியாம். செத்தல் மிளகாய் சுற்றி எரிக்கட்டாம். மனைவி மிளகாயைக் கையில் எடுத்தேவிட்டாள். கண் வருத்தக்காரனுக்கு மிளகாய்ப் புகையா? தடுத்தேன். இந்தக் கதை முழுவதிலும் நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான்.

பிறகு காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீரைப் பனிப்புகார் மாதிரி ஸ்பிரே பண்ணினேன். பத்தி வாசிப்பு கிடையாது. கதிரையை மட்டும் எடுக்க மனமில்லை. வாயை மூடிக்கொண்டு ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஒரு காலை, இடக்கண்ணில் ஊசி முனையளவு கறுப்பு தெரிந்தது. மெல்ல விரிந்தது. உருண்டது. மறுநாள் மற்றதும் திறந்தது. பிறகு ஒரு பூச்சி இருந்தது… இல்லை. நாக்கு போய் வந்ததை நான் காணவே இல்லை. அவசரமாக வீடியோ கோல் எடுத்தேன். “ஹாய் பிக்கிள்,” என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. எனக்கு ஹாய் இல்லை. நியாயம்தான்.

கதைத்துக்கொண்டே இருக்கிற என் போன்றவர்களுக்கு இது ஒரு நோய். எதிரே இருப்பவர் வாடிப்போய் மௌனமானாலும், ஆகா, நம் பேச்சில் சொக்கிவிட்டார் என்று அடுத்த பந்தியை வாசிக்கத் தொடங்கிவிடுகிறோம். இனி யாராவது கண்ணை மூடினால் முதலில் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதாக முடிவு.

இதை எழுதி முடித்ததும் அவனுக்குத்தான் முதலில் வாசித்தேன். இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன. ஒன்று பூச்சியில். மற்றது சுவரில். என்னைப் பார்க்கக் கண் மிச்சமில்லை.

பூரண சுகம்!