ஆறாவது டியூப்

எங்கள் கல்லூரியில் யார் ஓய்வு பெற்றாலும் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். எட்டரைக்குள் வந்து கையெழுத்துப் போடு என்று முப்பது வருடம் உயிரை வாங்கிவிட்டு, இனி எங்கேயும் போக வேண்டியதில்லை என்று ஆனபிறகு மணி பார்க்கச் சொல்வது நிர்வாகத்தின் வழக்கம். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். அந்தக் கடிகாரங்களை டஜன் கணக்கில் வாங்கி அடுக்குகிறவன் நான்தான் என்பதால், அவற்றில் பாதி ஓடாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆய்வகக் கருவிகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியனை எல்லோரும் 'டெஸ்டர்' என்றுதான் கூப்பிடுவோம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். கல்யாணப் போட்டோவில்கூட அது இருக்கிறது. எனக்கு எதிர் வீடு, ஏழு வயது மூத்தவர். அதனால் அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி அண்ணி.

போன வருடம் ஒருவரின் பிரிவு உபசார விழாவில், பரிசாக வந்த கடிகாரத்தை மேடையிலேயே கழற்றிப் பார்த்துவிட்டு டெஸ்டர் வாயை விட்டார்.

"எனக்கு இந்த பிளாஸ்டிக்கெல்லாம் வேணாம். நான் ரிட்டயர் ஆகற அன்னிக்கு என் கையால செஞ்ச கடிகாரத்தை இதே மேடையில எரிய வைக்கிறேன். மணி, நிமிஷம், செகண்ட் எல்லாம் காட்டும். பாருங்க!"

பலமாகக் கைதட்டினார்கள். நுணலும் தன் வாயால் கெடும்.

அவர் மனதில் இருந்தது எண் டியூப் கடிகாரம். கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குழாய்க்குள், கம்பியில் வளைத்த பத்து எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். எந்த எண்ணுக்கு மின்சாரம் போகிறதோ அது மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரியும். "வாக்குவம் டியூப்தானே?" என்று யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். "உள்ள நியான் வாயு இருக்கு. வெற்றிடம் கேக்கறவங்க தலையில இருக்கு" என்பார். கடைகளில் பார்த்தே பல காலமாகிவிட்ட அந்தச் சாமான் அவருக்கு ஆறு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய சாமான் கடைகளுக்குக் கிளம்பிவிடுவார். முதல் தடவை எடைக்குப் போட்டுக் கொடுத்த கடைக்காரர், இவர் முகத்தில் வழிந்த ஆசையைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை அதே சாமானைத் துணியில் சுற்றி பீரோவிலிருந்து எடுத்தார். உடைந்த வோல்ட்மீட்டர் ஒன்றிலிருந்து இரண்டு டியூப் கிடைத்தன. ரேடியோ கடைக்காரர் வீட்டு வாஷிங் மெஷினைச் சரிசெய்து கொடுத்துக் கூலியாக ஒன்றை வாங்கினார். வெளிநாட்டிலிருந்து ஒருவர் காலுறைக்குள் திணித்து அனுப்பிய மூன்றில் இரண்டு பிழைத்து வந்தன. காலுறையையும் டெஸ்டர் விடவில்லை, துவைத்துப் போட்டுக்கொண்டார். ஆக ஐந்து. அதில் ஒன்றில் எட்டு எரியாது. "பரவால்ல, நிமிஷத்தோட பத்தாம் ஸ்தானத்துல போட்டுடலாம். அங்க அஞ்சுக்கு மேல வேலையே இல்ல" என்று, உதவாக்கரைப் பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்த அப்பாவைப்போல் பெருமைப்பட்டார்.

அண்ணி வீட்டிலேயே துணி தைப்பவர். அவர் துணி வெட்டும் மேஜையில் முக்கால்வாசியை இந்தக் கடிகாரம் பிடித்துக்கொண்டது. இந்த டியூப்களுக்கு நூற்றெழுபது வோல்ட் வேண்டும். ஒருநாள் கத்தரிக்கோலை எடுக்கப்போய் அண்ணிக்கு ஷாக் அடித்தது.

"தம்பி, ஊர்ல எல்லார் வீட்டுலயும் கடிகாரம் மணி அடிக்கும். எங்க வீட்டுல ஆளை அடிக்குது" என்றார் என்னிடம்.

ஓய்வு பெற ஒரு மாதம்தான் இருந்தது. ஆறாவது டியூப் கிடைத்தபாடில்லை. "கடிகாரம் எத்தனை மணிக்கு வரும்?" என்று ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குச் சீண்ட ஆரம்பித்தார்கள். மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.

"அண்ணே, செகண்டை விட்டுடுங்க. நாலு டியூப் போதும்" என்றேன்.

"செகண்ட் இல்லாத கடிகாரமும் காலண்டரும் ஒண்ணு. மேடையில சொல்லிட்டேன்ல? எல்லாரும் சிரிப்பாங்கடா."

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம்! எங்கள் ஆய்வகத்தின் மூலையிலேயே, அதிர்வுகளை எண்ணும் ஒரு பழைய மெஷின் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதில் எட்டு டியூப். வருடத்துக்கு ஒருநாள், தேர்வு அன்று, இரண்டு மாணவர்கள் அதைத் தொடுவார்கள். 'இனி உதவாது' என்று கண்டம் செய்து கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் ஊழியர்களே விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சிக்கல். ஓடுகிற மெஷினைக் கண்டம் செய்ய முடியாது. அந்தப் பாழாய்ப்போன மெஷின் நன்றாக ஓடியது. ஓட வைத்தவர் டெஸ்டரேதான்.

"ஒரு வரி எழுதுங்கண்ணே. 'பழுது நீக்க இயலாது.' மீதியை நான் பாத்துக்கறேன்."

பக்கத்து ஆய்வகத்து டெக்னீஷியன் அந்த வரியை மாதம் இரண்டு தடவை எழுதுவார். அவர் வீட்டுக் கூடத்தில் பாதிச் சாமான் அந்த வரியில் வந்ததுதான். டெஸ்டரின் பதிவேட்டிலோ முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை 'சரி செய்யப்பட்டது' மட்டுமே இருக்கும்.

"முப்பத்தொரு வருஷத்துல அந்த வரியை நான் எழுதினதில்ல, தம்பி."

"அதனாலதான் சொல்றேன். உங்களுக்கு ஒரு தடவை எழுத உரிமை இருக்கு."

இப்படிப் பேசியதற்கு என் நாக்கில் சூடு வைக்க வேண்டும். மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் எழுதினார். அச்சுப்போல் இருக்கும் அவர் கையெழுத்து அன்று கோழி கிளறியதுபோல் இருந்தது.

துறைத்தலைவி அம்மாவிடம் போன காகிதம் மறுநாளே சிவப்பு மையோடு திரும்பி வந்தது. 'தங்களால் இயலாது என்பதை நம்ப இயலவில்லை. ஓய்வுக்கு முன் மீண்டும் முயல்க.' வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னார், அதையும் யாரும் நம்பவில்லை. கெட்டுப்போகாத மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். தூசி தட்டினார். வேறென்ன செய்வது?

இரண்டாம் நாள் மாலை நானும் அவர் வீட்டில் இருந்தபோது அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அண்ணி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"விழா எத்தனை மணிக்கு?"

"பதினஞ்சு முப்பதுக்கு."

"மனுஷங்க அதை மூணரைன்னு சொல்வாங்க. நீங்க என்ன ஸ்டேஷன் மாஸ்டரா? மூணரைக்கு முன்னாடி இன்னொரு எண்ணு எதுக்கு? அந்த இடத்தைச் சும்மா விடுங்க. அஞ்சு போதும்ல?"

நான் விரல்விட்டு எண்ணினேன். பகல் ஒரு மணியிலிருந்து பத்தடிக்கும்வரை ஐந்தே டியூப் போதும். இருபத்துநாலு மணிக் கணக்குதான் முறையானது என்று அடம்பிடித்த டெக்னீஷியனுக்கும் தோன்றவில்லை, ஸ்டோர் கீப்பருக்கும் தோன்றவில்லை.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார் டெஸ்டர்.

"என்னை யாரு கேட்டா? துணி வெட்ட இடம் கேட்டதுக்கே கையைக் காட்டி நிறுத்தினீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, "அப்போ அந்த வரியை எதுக்குடா எழுதினேன்?" என்று என்னைக் கேட்டார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மறுநாள் பதிவேட்டில் 'சரி செய்யப்பட்டது' என்று அவர் எழுத, அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தோம்.

விழாவன்று ஐந்து டியூபும் ஆரஞ்சாக எரிந்தன. மூன்று நாற்பத்திரண்டு, செகண்ட் ஓடிக்கொண்டிருந்தது. சீண்டியவர்கள் எல்லாம் எழுந்து வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். டெஸ்டர் சொன்னபடியே ஜெயித்துவிட்டார். பிறகு துறைத்தலைவி எழுந்தார்.

"இயலாதுன்னு இவரே கைவிட்ட ஒரு மெஷினை, நான் திருப்பி அனுப்பினதும், ரெண்டே நாள்ல உயிரோட கொண்டுவந்தாரு. இவரோட முப்பத்தொரு வருஷ வேலையிலேயே பெரிய வேலை இதுதான்" என்று சொல்லி, அதற்கென்றே அச்சடித்த பாராட்டுப் பத்திரத்தை நீட்டினார்.

டெஸ்டர் அதை வாங்கவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"அந்த மெஷின் கெட்டுப்போகவே இல்லீங்க. அதுல இருக்கிற டியூபுக்கு ஆசைப்பட்டு நான் பொய் எழுதினேன். ரெண்டு நாளும் நான் ஒரு வேலையும் செய்யல."

அரங்கமே சிரித்தது. "என்ன ஒரு அடக்கம்!" என்றார் துறைத்தலைவி. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டெஸ்டர் "இல்லீங்க, நிஜமா..." என்று மறுபடி தொடங்க, கைதட்டல் இன்னும் பலமானது. பத்திரத்தை அவர் கையில் திணித்தார்கள்.

முன்வரிசையில் அண்ணி மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்திருந்தார். டெஸ்டரின் கண்கள் மேடையிலிருந்து என்னைத்தான் தேடின. நடந்தது தெரிந்த ஒரே ஊழியன் நான், எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன்.