சீட்டில் விழுந்த படம்

இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய ஒரு கலைக்களஞ்சியத்தில், தமிழ்ப் படங்களைப் பற்றிய கட்டுரைகளை நாங்கள் பதினோரு பேர் கவனித்து வந்தோம். சம்பளம் கிடையாது. மாதம் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கட்டுரையை எல்லோரும் சேர்ந்து செப்பனிட வேண்டும். தேர்ந்தெடுப்பதில்தான் சண்டை. ஒருவருக்குக் கறுப்பு வெள்ளைதான் படம். இன்னொருவருக்கு அவருடைய நடிகர் தும்மினால்கூட ஒரு கட்டுரை வேண்டும். வாக்கெடுப்பு வைத்தால், தோற்றவர்கள் அந்த மாதம் முழுக்கக் காணாமல் போவார்கள்.

சலித்துப்போய் நான்தான் சொன்னேன், எங்கள் ஊர் மாதிரி சீட்டுப் போடலாம் என்று. பழவேற்காடு ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அதற்குப் பாடு என்று பெயர். விழுந்த பாட்டை மறுக்கக் கூடாது. எல்லோருக்கும் பிடித்துப்போனது. சீட்டு எடுப்பவரே அந்த மாதப் பொறுப்பாளர், முதல் மாதம் நான் என்று ஆயிற்று. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

குழுவினர் அனுப்பிய படப் பெயர்களைச் சீட்டில் எழுதும்போதே அந்தப் படம் கண்ணில் பட்டது. எங்கள் ஏரியில் எடுத்த படம். எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் சீட்டில் கள்ளம் கூடாது என்று வளர்ந்த புத்தி விடவில்லை. காணொளி அழைப்பில் எல்லோரும் பார்க்கச் சீட்டை எடுத்தேன். அதுதான் வந்தது.

பக்கத்து அறையில் இருந்த நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, கேட்டுவிட்டது. அந்தப் படத்தின் புயல் காட்சியில் கதாநாயகனின் சட்டையைப் போட்டுக்கொண்டு தோணி தள்ளியவர் அவர். திரையில் முதுகு மட்டும்தான் தெரியும். அது நைனாவின் முதுகு என்று ஊரே சொல்லும்.

"பாடு உனக்குத்தான்மா வுழுந்துருக்கு. என் பேரப் போட்ரு" என்றார். உடனே டீக்கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார்.

அது நைனாவின் முதுகு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு பழைய பத்திரிகையில், அந்த இயக்குநரின் பேட்டியில் படித்திருந்தேன். அதனால்தான் அந்தப் படத்தை நான் ஒருமுறைகூட முன்மொழியவில்லை.

வேறு யாரும் அந்தப் பேட்டியைக் கண்டுபிடிக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். நாலாம் நாள், குழுவில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டார். "அருமையான ஆதாரம். பொறுப்பாளர் சேர்த்துவிடுங்கள்." வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. அச்சில் வந்தது கட்டுரைக்குள் வரலாம், அப்பா சொன்னார் என்பது வர முடியாது. இது எங்கள் விதி. மற்றவர்களிடம் எத்தனையோ முறை இதைச் சொல்லி வாயை அடைத்தவளும் நான்தான். காய்ச்சல் என்று சொல்லி ஒதுங்கலாமா என்று பார்த்தேன். விழுந்த பாட்டை மறுக்கக் கூடாது என்று என் பேச்சையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

எழுதினேன்.

மாதக் கடைசியில் கட்டுரை நன்றாக வந்திருப்பதாகக் குழுவில் பாராட்டினார்கள். அன்று சாயங்காலம் நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"படிமா."

கதை, நடிகர்கள், பாட்டு எல்லாம் படித்தேன். படப்பிடிப்புப் பகுதியில் எங்கள் ஏரியின் பெயர் வரும் இடத்தை இரண்டு தடவை படித்தேன். தோணி தள்ளியவர்கள் பெயரை யாரும் அச்சில் போடவில்லை, அதனால் சேர்க்க முடியவில்லை என்றேன்.

"நடுவுல ஒரு வரி வுட்டுட்ட."

"இல்ல நைனா."

"காலைலயே டீக்கடைல போன்ல படிச்சுக் காட்டிட்டானுங்க. உன் வாயால கேக்கலாம்னுதான் வந்து குந்திருக்கேன். படி."

படித்தேன். "ஏரியில் எடுத்த புயல் காட்சியின் படச்சுருள் கெட்டுப்போனதால், படப்பிடிப்புத் தளத்தின் நீர்த்தொட்டியில் வேறொருவரை வைத்து அது மீண்டும் எடுக்கப்பட்டது."

நைனா திரையில் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"இத்த எழுதுனது யாரு?"

"நான்தான் நைனா."