இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பட்டுத்துண்டு

என் நாத்தனார் அதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் கிணற்றடியில் குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தாள். விடுதியில் இரண்டு வருஷம் அவளோடு ஒரே அறையில் இருந்த சிங்கவரத்துப் பெண்ணுக்கும் அவளுக்கும் தளவானூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை உத்தரவு வந்திருந்தது. அதே வாரம் அவலூர்பேட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டு அனுப்பியிருந்தார்கள். எங்களுடையது மாமனார் மாமியார் இல்லாத வீடு. எதுவானாலும் என் கணவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

"கல்யாணம்னு எனக்கு ஒண்ணு இருந்தா அது அவளோடதான் அண்ணி" என்றாள், தலை நிமிராமல்.

"குழந்தை அழுவுது" என்று நான் எழுந்துவிட்டேன்.

குழந்தை அழவில்லை. தூளியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடி நின்றேன். பள்ளி இறுதி வரை படித்தவள் நான். ஆனாலும் நாத்தனார் சொன்னதற்கு என்னிடம் ஒரு சொல் இல்லை. நாளைக்கு இவளே வளர்ந்து வந்து இப்படி ஏதாவது சொன்னால் அப்போதும் எழுந்து ஓடுவேனோ என்று பயம் வந்தது.

நான் இந்த வீட்டுக்குப் பதினொரு புடவையோடு வந்தேன். ஜவுளிக்கடைக் குடும்பத்தில் ஒரு பெண் வெறுங்கையோடு வேறு வீடு புகுவது கிடையாது. அந்த இரண்டு பேருக்கும் யார் சீர் வைப்பார்கள்? எங்கள் கடையிலிருந்து ஒரு முழம் எடுத்தாலும் என் கணவருக்குத் தெரிந்துவிடும். அதனால் பழந்துணியில் ஒரு போர்வை தைப்பது என்று முடிவு செய்தேன். குழந்தைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

சிங்கவரத்துப் பெண் வீட்டுக்கு வந்தபோது, பழைய தாவணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மறுநாளே பச்சைக் கட்டம் போட்ட ஒன்றைக் கொண்டுவந்தாள். "இன்னாத்துக்குக்கா?" என்றாள். "குழந்தைக்கு" என்றேன். நாத்தனாரைப் பார்த்தாள். இரண்டு பேரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள்.

அவருடைய பழைய வேட்டியை அடியில் விரித்தேன். எங்கள் ஊர்க் கோட்டைக்கு மூன்று மலைகள், அவற்றைச் சேர்த்து ஒரு மதில். நான் இரண்டு மலைகளை மட்டும் எடுத்தேன்: நாத்தனாரின் ஊதாத் தாவணியில் ஒரு மலை, பச்சைக் கட்டத்தில் ஒரு மலை. பாறைகளுக்குத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தேன். கீழே கடலைக்கொல்லைக்கு என் பழைய மஞ்சள் ரவிக்கை. மத்தியானங்களில் அவர் சாப்பிட்டுக் கடைக்குப் போனபின் ஊசியை எடுப்பேன். இரண்டு மலைகளையும் சேர்க்க மதில் வேண்டும். கையில் இருந்த எந்தத் துணியும் அந்த இடத்தில் நிற்கவில்லை. ஒரு நாள் பெட்டியைத் திறந்து என் கூறைப்புடவையை எடுத்தேன். அரக்குப் பட்டு. உள்ளே செருகும் ஓரத்தில் ஒரு சாண் வெட்டினேன். வெட்டும்போது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் குழந்தைக்கு ஜுரம் கண்டது.

டாக்டர் மருந்து கொடுத்தார். பல் முளைக்கும் நேரம் என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. கணவன் இருக்கும்போது எவளாவது கூறையில் கத்தரி வைப்பாளா? குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து சீக்கிரம் வந்த அவர் பாயோரம் கிடந்த போர்வையை எடுத்து விரித்தார். அதை மறைக்கவே மறந்திருந்தேன்.

"நம்ம மலையா? மூணாவது எங்க?"

"துணி பத்தல."

"ஜவுளிக்கடைக்காரன் ஊட்ல துணி பத்தலயா" என்று சிரித்தார். பிறகு விரல் ஒவ்வொரு துண்டாக நகர்ந்தது. துணியைத் தொட்டால் அவருக்கு ஆள் ஞாபகம் வந்துவிடும். ஒளித்துவைக்க வேண்டியதைத் துணியில் போய் வைத்தேனே என்று அப்போதுதான் உறைத்தது. "இது தங்கச்சிது. இந்தப் பச்ச, சிங்கவரத்துப் பொண்ணுது. பொங்கலுக்கு நான்தான் கிழிச்சுக் குடுத்தேன்." விரல் பட்டில் வந்து நின்றது. சிரிப்பு போய்விட்டது.

"இது ஒன்னுது."

குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டேன்.

"அதுங்க ரெண்டு பேருக்கு நடுவுல இத வெச்சுத் தெச்சிருக்க."

குழந்தை முனகினாள். அவர் போர்வையை மடித்துப் பாயோரம் வைத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மொதல்ல இவளுக்கு ஜுரம் வுடட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நாத்தனாரிடம் எதையும் சொல்லத் தைரியம் வரவில்லை. அவளைக் காட்டிக்கொடுத்தது என் கைதான். மூன்றாம் நாள் குழந்தைக்கு வியர்த்து, ஜுரம் இறங்கியது. சாப்பிட உட்கார்ந்தவர், இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "வேலைக்குப் போவட்டும். ஒரு வருஷம். அவலூர்பேட்டக்காரங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். நீ அந்தப் பட்ட மட்டும் பிரிச்சுடு. பொடவையிலயே வெச்சுத் தெச்சுடு."

பிரித்தேன். பிளேடால் ஒவ்வொரு தையலாக. சொன்னபடி செய்துதான் எனக்குப் பழக்கம். மதில் இருந்த இடத்தில் வேட்டியின் வெள்ளையும், ஊசி போன துளைகளும் தெரிந்தன. அங்கே வேறு துணி வைக்க மனம் வரவில்லை.

பஸ் நிலையத்தில் இரண்டு பேரும் ஒரு டிரங்குப் பெட்டியோடு நின்றார்கள். அவர் டிக்கெட் வாங்கப் போயிருந்தார். போர்வையைக் கொடுத்தேன். நாத்தனார் மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். சிங்கவரத்துப் பெண் தன் பச்சையை அடையாளம் கண்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குழந்தைக்குன்னீங்களே அக்கா."

"உங்க ரெண்டு பேருக்கும் சீரு" என்றேன். கிணற்றடியில் சொல்லியிருக்க வேண்டியதை அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

நாத்தனார் துளைகள்மேல் விரலை வைத்தாள். "இங்க இன்னா இருந்துச்சு அண்ணி?"

"என் கூறைப்புடவை."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் இல்ல."

"தெரிஞ்சேவா அனுப்புறாரு?" என்றாள். பஸ் வந்துவிட்டது.

இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் புடவையைக் கட்டினேன். ஒட்டுப்போட்ட இடம் இடுப்பில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் இன்னும் அவலூர்பேட்டைப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவிட்டாரா, மறந்ததுபோல் இருக்கிறாரா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது. மத்தியானம் அவர் இலைமுன் உட்காரும்போதெல்லாம் கரண்டியோடு நிற்கிறேன். அவர் அந்தப் பேச்சை எடுத்தால், இந்த முறை குழந்தை அழுகிறது என்று நகர்ந்துவிடக்கூடாது.