விருந்தாளித் தட்டில் இல்லாத துண்டு

மலைச்சரிவில் பத்து மைல் சுற்றளவுக்குள் எந்த ஊரில் ஹராம்பே நடந்தாலும், அதாவது ஊர் கூடிப் பொதுக்காரியத்துக்குப் பணம் திரட்டினாலும், அங்கே கவோசா இருப்பாள். காலையில் விருந்தாளிக்குக் கோழி சமைப்பாள். மத்தியானம் அதே கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஊர்க்காரர்கள் நன்கொடையாகக் கொடுத்த சாமான்களை ஏலம் விடுவாள். கூலி கிடையாது. ஐம்பத்தெட்டு வயதுக்கு அந்தத் தொண்டை கொஞ்சம் அதிகம்தான். ஒரே முட்டையை எட்டு முறை ஏலம் விட்டு ஒரு தேவாலயத்துக்குக் கதவு வாங்கிக் கொடுத்தவள் என்று பேர். அந்த முட்டை கடைசியில் கூமுட்டையாகப் போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அன்று சனிக்கிழமை. இந்த முறை அவளுடைய சொந்த ஊர் கெடோலி. காரியம், தொடக்கப் பள்ளியின் கழிவறை. பழையது மழையில் உள்வாங்கிவிட்டது. நல்லவேளை, உள்ளே பிள்ளைகள் யாரும் இல்லை. சுகாதார அதிகாரி பார்த்துவிட்டுக் கெடு வைத்துப் போயிருந்தார்: திங்கட்கிழமை காலையில் குழி இருபதடி ஆழம் இருக்க வேண்டும், சிமெண்டும் தகரமும் பக்கத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்குப் பூட்டு.

பூட்டினால் இருநூறு பிள்ளைகளும் நெடுஞ்சாலையைத் தாண்டி அடுத்த பள்ளிக்குப் போகவேண்டும். கவோசாவின் ஒரே மகன் கிசியா, ஏழு வயதில், அந்தச் சாலையைத் தாண்டும்போதுதான் லாரியில் அடிபட்டுச் செத்தான். அதற்கப்புறம்தான் இந்தப் பள்ளி வந்தது. அஸ்திவாரத்துக்கு முதல் கல்லைத் தலையில் சுமந்து வந்தவள் அவள்.

சிமெண்டும் தகரமும் தருவதாகச் சொல்லியிருந்தவர் முடாகி. இதே ஊரில் பிறந்து நைரோபியில் கட்டடக் காண்ட்ராக்ட் எடுத்துப் பெருத்தவர். கை தாராளம், ரோஷம் அதைவிடத் தாராளம். போன வருஷம் பக்கத்து ஊர் விருந்தில் கோழியின் இரைப்பையை வேறு யார் தட்டிலோ வைத்துவிட்டார்கள். மனுஷன் காரில் ஏறிப் போய்விட்டார். அந்த ஊரில் கிணறு இன்னும் பாதியில் நிற்கிறது. அவரைச் சும்மா குறை சொல்லவும் முடியாது. இரைப்பை வீட்டுத் தலைவனுடைய பங்கு. அதை விருந்தாளிக்கு வைத்தால், இந்த வீடே உன்னுடையது என்று அர்த்தம். வைக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பத்து மணிக்குக் கோழி கொதித்துக்கொண்டிருந்தபோது எண்டோவோ சமையல் கொட்டகைக்கு வந்து நின்றான். குழி தோண்டுபவன். ஒன்பது நாளாகக் காசு வாங்காமல் தோண்டுகிறான். தலைமுதல் கால்வரை செம்மண்.

"அக்கா, நான் இனிமே எறங்கமாட்டேன். பக்கச்சுவரு பொலபொலன்னு விழுந்திருச்சு. இடுப்பு வரைக்கும் மண்ணு. கயித்தப் புடிச்சுத் தப்பிச்சேன்."

"இன்னும் எவ்வளவுடா இருக்கு?"

"ரெண்டடி. ரெண்டடிக்கு என் உசுர வைக்கவா? பெரிய மனுஷங்க மைக்குல பேசிட்டுப் போயிருவாங்க. எம்பேரு அதுல வருமா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. கவோசாவுக்கு அவனை இறக்கவும் மனமில்லை, விடவும் முடியவில்லை. தன்னையே திட்டிக்கொண்டாள். அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சுவருக்கு முட்டுக்கொடுக்கப் பள்ளியின் நாலு பெஞ்சைப் பிரித்துப் பலகை எடுக்கச் சொல்லி ஆளனுப்பினாள். பிறகு, என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான், கரண்டியைப் பானைக்குள் விட்டு இரைப்பையை எடுத்து, தட்டில் வைத்து, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள்.

எண்டோவோ பார்த்தான். "அக்கா, இது..."

"தெரியும். சாப்பிடு."

அவன் மெதுவாக, ஒரு துணுக்குக்கூட விடாமல் சாப்பிட்டான். வாயைத் துடைத்துக்கொண்டு, பலகையைத் தோளில் வைத்து, மறுபடி குழிக்குள் இறங்கினான்.

கொஞ்ச நேரத்தில் ககேஹா பானையைத் திறந்தாள். கவோசாவின் ஓரகத்தி, பேச்சுக்கும் ஓட்டத்துக்கும் சளைக்காதவள். கரண்டியால் ஒருமுறை துழாவினாள், இரண்டுமுறை துழாவினாள்.

"எங்கடி இரைப்பை?"

"எண்டோவோ வயித்துல."

"அடிப்பாவி! ஊரையே வித்துட்டியே!"

கத்தியும் கையுமாகத் தன் வீட்டுக் கோழியைப் பிடிக்க ஓடினாள். அது என்ன சும்மா நிற்குமா? வாழைத்தோப்புக்குள் புகுந்து, வேலி தாண்டி, பள்ளிக்கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. ககேஹா கல்லை எடுத்து ஓங்கியபோது கீழே சாலையில் கார் ஹாரன் கேட்டது. பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர் பதினொன்றுக்கே வந்துவிட்டார்.

"ஈரலை மேல வச்சுக் குழம்ப நெறைய ஊத்திரலாம்" என்றாள் ககேஹா மூச்சிரைக்க. கவோசா களியை உருட்டி வைத்தாள்.

கொட்டகைக்குள் ஊரே நின்று பார்க்க முடாகி கை கழுவினார். குழம்பை ஒதுக்கினார். ஒரு காலைப் புரட்டினார், ஈரலைத் தள்ளினார், கழுத்தைத் தூக்கிப் பார்த்தார். தலைமை ஆசிரியர் சான்ஸு சிரித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. முடாகி கையைத் தட்டிலிருந்து எடுத்தார்.

"இத யாரு சமைச்சது?"

சமையல் செய்த ஆறு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். கை தவறி அடுப்பில் விழுந்துவிட்டது என்று சொல்லலாம். பூனைமேல் பழியைப் போடலாம். ஆனால் கொட்டகைக்குப் பின்னால், குழிக்கடியில் ஒருவன் மண்வெட்டி போடும் சத்தம் கவோசாவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. முன்னால் வந்தாள்.

"நான்தான் ஐயா. அது உங்க பங்குதான். குழி தோண்டுறவனுக்குக் குடுத்துட்டேன். இனி எறங்கமாட்டேன்னான். அத விட்டா அவனுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்ல."

"குழி தோண்டுறவனுக்கு" என்று முடாகி திருப்பிச் சொன்னார். மூக்கு விடைத்தது. எழுந்தார். தலைமை ஆசிரியரின் சிரிப்பு இப்போதுதான் நின்றது. டிரைவர் காரைத் திருப்ப ஓடினான். வாசல்வரை போன முடாகி என்ன நினைத்தாரோ, நின்று தட்டைக் காட்டினார்.

"நீதான ஏலக்காரி? இதையும் ஏலம் விடு. எவன் வாங்குறான்னு பாக்குறேன். என் வெல பத்து ஷில்லிங்."

அவமானப்படுத்தத்தான் சொன்னார். கவோசாவின் முகம் எரிந்தது. தட்டைத் தூக்கினாள்.

"கேட்டுக்குங்க! முடாகி ஐயாவுக்குன்னு வச்ச தட்டு. அவரே வெல சொல்லிட்டாரு. பத்து ஷில்லிங்!"

"நூறு!" குழிக்குள்ளிருந்து எண்டோவோவின் குரல்.

"காசு எங்கடா வச்சிருக்க, பள்ளத்துலயா?"

"கடன் சொல்லிக்கிறேன் அக்கா!"

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கூட்டம் உயிர் பெற்றது. மரவியாபாரி லுகலியா கையைத் தூக்கினார். முடாகியோடு ஒரே வகுப்பில் படித்தவர். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"ரெண்டாயிரம்."

கவோசா முடாகியின் பக்கம் திரும்பினாள். இப்போது அவள் தொழில் நடக்கிறது. "ஐயா, உங்க கோழி லுகலியா வீட்டுக்குப் போகுது. அவரு சம்சாரம் சூடு பண்ணிக்குவாங்க. நாளைக்குச் சந்தையில சொல்லாம இருப்பாங்களா?"

"அஞ்சாயிரம்" என்றார் முடாகி பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏழு!" என்றார் லுகலியா.

"இருவது மூட்டை சிமெண்ட்!"

"கோழிக்குத் தலைக்குமேல கூரை வேணாமா ஐயா?"

"முப்பது தகரம்! போதுமாடி? தட்டு என்னுது!"

லுகலியா உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அடங்கும்வரை முடாகி காத்திருந்தார். பிறகு தலைமை ஆசிரியரிடம், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நாளைக்கு லாரி வரும். நான் பேச்சு மாறமாட்டேன். ஆனா நான் வர்ற எந்த விசேஷத்துலயும் இனிமே இந்தப் பொம்பள கை அடுப்புல படக்கூடாது. மைக்கையும் தொடக்கூடாது."

"ஆகட்டும் ஐயா" என்றார் சான்ஸு உடனே.

ஆறு பெண்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. வாய்க்குப் பேர்போன ககேஹாகூட. கவோசாவுக்கு அதுதான் வலித்தது. ஏப்ரனை அவிழ்த்து மடித்துப் பானைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். முடாகி இல்லாமல் இந்தப் பக்கம் எந்த விசேஷமும் நடப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் அதிகாரி அடுக்கிய தகரத்தை எண்ணினார், சிமெண்ட் மூட்டைகளைத் தட்டிப் பார்த்தார், குழிக்குள் அளவு நாடாவை விட்டார். இருபதடிக்கு மேல் ஒரு சாண் இருந்தது. பூட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார். கவோசா இதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். எண்டோவோ மட்டும் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

வீட்டுக்கு வந்து தன் சேவலைப் பிடித்து, அடித்துக் குழம்பு வைத்தாள். புருஷன் செத்துப் பதினாறு வருஷமாக, கோழி அடித்தால் இரைப்பையை மூடிபோட்ட கிண்ணத்தில் வைத்துக் கொழுந்தன் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். ஆம்பளை இல்லாத வீட்டில் அதைச் சாப்பிட ஆளில்லை என்று கணக்கு.

அன்றும் கிண்ணத்தை எடுத்தாள். கழுவினாள். மேலே பள்ளியில் மணி அடித்தது. பிள்ளைகள் இரைச்சலாக வகுப்புக்குள் ஓடும் சத்தம் சரிவில் இறங்கி வந்தது. கிண்ணத்தைத் திரும்ப அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, இரைப்பையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

இருநூறு விருந்துக்குச் சமைத்தவள், அதன் ருசியை அன்றைக்குத்தான் பார்த்தாள். கொஞ்சம் உப்புக் குறைவாக இருந்தது. எழுந்து போய் எடுத்துவந்து போட்டுக்கொண்டு, மீதியைச் சாப்பிட்டு முடித்தாள்.